இந்தியாவா வியட்நாமா, யார் இறக்குமதி வேகமாக வளர்ந்தது? புதியவர்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கம் இருப்பவர்களுக்கு இறக்குமதி என்பது செய்தித்தாளின் வணிகப் பக்கத்தோடு முடிந்துவிடும் விஷயமில்லை. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், அடுத்த மாதம் வேலை உண்டா என்பதை ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை தீர்மானிக்கிறது. ரப்பர் ஷீட் விலை இறங்கினால் கடைத்திண்ணையில் முதலில் எழும் பேச்சே ‘வெளிநாட்டு ரப்பர் எவ்வளவு வந்தது’ என்பதுதான். இந்த இரண்டு பேச்சிலும் வியட்நாம் என்ற பெயர் தவறாமல் வரும். அந்த நாடு முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் 2006 முதல் நம்மை முந்தி நிற்கிறது. நமக்கு ரப்பர் அனுப்பும் நாடுகளிலும் அது ஒன்று.

பேச்சு இருக்கும் அளவுக்குக் கணக்கு இல்லை. ‘இந்தியாவின் இறக்குமதி ஒரே ஆண்டில் ஐம்பது சதவீதம் கூடிவிட்டது’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் வரும். மறுநாளே ‘பத்து ஆண்டுகளாக இறக்குமதி நகரவே இல்லை’ என்று இன்னொன்று வரும். இரண்டுமே உண்மையான எண்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எந்த ஆண்டிலிருந்து, எந்த நாணயத்தில், எவ்வளவு பெரிய அடித்தளத்தின் மேல் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் வளர்ச்சியை ஒப்பிட்டால் நாம் விரும்பிய பதில் எதுவோ அதுவே கிடைத்துவிடும். கல்லூரியில் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், ஆபீசில் புதிதாகக் கணக்கு எழுத வந்தவர்கள், விவசாயிகள் சங்கத்துக்கு மனு தயாரிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் திறந்து கூட்டல், வகுத்தல் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

எண்களைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் கேள்வியை முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். ‘இந்தியா, வியட்நாம் இறக்குமதி ஒப்பீடு’ என்பது தலைப்பு மட்டும்தான். ‘2000 முதல் 2020 வரை, எல்லாச் சரக்குகளும் சேர்த்து, டாலர் மதிப்பில், எந்த நாட்டின் இறக்குமதி வேகமாக வளர்ந்தது?’ என்று எழுதினால்தான் அது கேள்வியாகும். சரக்குகள் மட்டுமா, சேவைகளும் சேர்த்தா? மதிப்பா, டன் கணக்கா? மொத்தமா, ஒரே பொருளா? இவற்றை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் பாதி வழியில் ஒரு நாட்டுக்குச் சேவைகள் சேர்ந்த எண்ணையும் மற்றதற்குச் சேராத எண்ணையும் எடுத்து வைத்திருப்பீர்கள். இது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எண்களை எங்கே எடுப்பது

நம் நாட்டின் சரக்கு வர்த்தகப் புள்ளிவிவரங்களைத் தொகுப்பது கொல்கத்தாவில் உள்ள வணிகப் புலனாய்வு, புள்ளியியல் தலைமை இயக்ககம். மத்திய வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் பொருள் வாரியாகவும் நாடு வாரியாகவும் அவற்றைப் பார்க்கலாம். இந்தியாவை மட்டும் ஆராய்வதற்கு இது அருமையான இடம். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது மட்டும் ஒரு சிக்கல் வரும். நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும் நிதியாண்டு, வியட்நாமின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2020-21 என்று இங்கே எழுதியிருப்பதை அங்கே 2020 என்று இருப்பதோடு பக்கத்தில் வைத்தால் மூன்று மாதம் பிசகிவிடும். கொரோனா ஊரடங்கு போன்ற காலத்தில் மூன்று மாதம் சின்ன விஷயமில்லை.

அதனால் இரு நாடுகளுக்கும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத் தளமான காம்ட்ரேட், உலக வர்த்தக அமைப்பின் புள்ளிவிவரத் தளம், உலக வங்கியின் தரவுத் தளம் ஆகிய மூன்றும் இலவசம். மொத்த இறக்குமதிக்கு உலக வர்த்தக அமைப்பு எளிது. பொருள் வாரியாக வேண்டுமென்றால் காம்ட்ரேட். மக்கள்தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க உலக வங்கி.

விலை எந்த இடத்தில் கணக்கிடப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தியாவும் வியட்நாமும் இறக்குமதியைச் சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்த்துப் பதிகின்றன. சி.ஐ.எஃப். என்று துறைமுகத்தில் சொல்வது இதைத்தான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் கப்பல் கூலி சேராத எஃப்.ஓ.பி. மதிப்பில் வெளியிடுகின்றன. ஒரு நாட்டை ஒரு முறையிலும் மற்றதை மற்ற முறையிலும் எடுத்தால் கூலி உயரும் ஆண்டுகளில் ஒப்பீடு கோணிவிடும்.

அட்டவணை

உலகத் தளங்கள் பில்லியன் கணக்கில் பேசும். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. சில தளங்கள் எண்களை ‘ஆயிரம் டாலரில்’ தருகின்றன, அங்கே மூன்று சைபர் மறைந்திருக்கும். பதிவிறக்கிய உடனே எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள். நான் கோடி டாலரில் எழுதுகிறேன், நம் கண்ணுக்குப் பழகிய அலகு அதுதான். மொத்தச் சரக்கு இறக்குமதி, காலண்டர் ஆண்டு, சற்று முழுமைப்படுத்திய எண்கள்:

2000: இந்தியா 5,150, வியட்நாம் 1,560
2010: இந்தியா 35,000, வியட்நாம் 8,500
2019: இந்தியா 48,600, வியட்நாம் 25,300
2020: இந்தியா 37,300, வியட்நாம் 26,300
2021: இந்தியா 57,300, வியட்நாம் 33,200

நீங்கள் செய்யும்போது இடையில் உள்ள எல்லா ஆண்டுகளையும் எழுதுங்கள். இங்கே ஐந்து வரி போதும், சொல்ல வேண்டியதெல்லாம் இவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

குறியீட்டெண்ணாக மாற்றுதல்

எண்களை அப்படியே பார்த்தால் இந்தியா பெரியது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. தொடக்க ஆண்டை இரு நாடுகளுக்கும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் அந்தந்த நாட்டின் தொடக்க ஆண்டு எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

2000-ஐ 100 என்று வைத்தால் 2010-இல் இந்தியா 680, வியட்நாம் 545. இந்தியா முன்னால். 2020-இல் இந்தியா 724, வியட்நாம் 1,686. வியட்நாம் வெகுதூரம் முன்னால். இதே கணக்கை 2010-ஐ 100 என்று வைத்துச் செய்து பாருங்கள். 2020-இல் இந்தியா 107, வியட்நாம் 309. எண்கள் எதுவும் மாறவில்லை, தொடக்கக் கோடு மட்டும் பத்து ஆண்டு நகர்ந்தது. இந்தியா ஏழு மடங்கு வளர்ந்த நாடாகவும் தெரியலாம், பத்து ஆண்டில் ஏழே சதவீதம் வளர்ந்த நாடாகவும் தெரியலாம். ஒருவர் உங்களிடம் ஒரு வரைபடத்தை நீட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் இடது ஓரம், அதாவது எந்த ஆண்டில் தொடங்குகிறார் என்பது.

ஆண்டுச் சராசரி வளர்ச்சி

பத்து ஆண்டில் 580 சதவீதம் வளர்ந்தது என்றால் ஆண்டுக்கு 58 சதவீதம் என்று பத்தால் வகுத்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் முந்தைய ஆண்டு வளர்ந்ததன் மேல் ஏறி உட்காருகிறது. வங்கி வைப்புத்தொகையின் கூட்டு வட்டி போலத்தான் இதையும் கணக்கிட வேண்டும். கடைசி ஆண்டின் எண்ணை முதல் ஆண்டின் எண்ணால் வகுங்கள். வரும் விடைக்கு, ஒன்றை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்த பின்னத்தை அடுக்காகக் கொடுங்கள். அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். எக்செல்லில் அடுக்குக்கு மேல்நோக்கிய கூர்முனைக் குறி (^) இருக்கிறது, பின்னத்தை அடைப்புக்குறிக்குள் போட மறக்க வேண்டாம். இன்னொன்று: 2000 முதல் 2010 வரை என்றால் பட்டியலில் பதினொரு ஆண்டுகள் இருக்கும், ஆனால் இடைவெளி பத்துதான். அந்தப் பத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

இப்படிச் செய்தால் 2000 முதல் 2010 வரை இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 21 சதவீதம், வியட்நாம் 18.5 சதவீதம். 2010 முதல் 2020 வரை இந்தியா ஒரு சதவீதத்துக்கும் கீழே, வியட்நாம் 12 சதவீதம். 72-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 12 சதவீதத்துக்கு ஆறு ஆண்டுகள்.

முடியும் ஆண்டும் முக்கியம்

தொடக்க ஆண்டைப் பற்றிச் சொன்னேன். முடியும் ஆண்டிலும் அதே ஆபத்து இருக்கிறது. 2020 ஊரடங்கு ஆண்டு. இந்தியாவின் இறக்குமதி ஒரே ஆண்டில் 48,600 கோடி டாலரிலிருந்து 37,300 கோடிக்கு விழுந்தது. வியட்நாமில் அந்த ஆண்டும் சற்று ஏறியது. 2010-இல் தொடங்கும் ஒப்பீட்டை 2020-க்குப் பதில் 2019-இல் முடித்தால் இந்தியாவின் ஆண்டு வளர்ச்சி 3.7 சதவீதமாகிவிடும். வியட்நாமுக்கு 13 சதவீதத்தை ஒட்டி வரும். யார் முன்னால் என்பது மாறவில்லை, இடைவெளி மாறுகிறது.

2021-ஐப் பாருங்கள். முந்தைய ஆண்டைவிட இந்தியா 54 சதவீதம் உயர்வு, வியட்நாம் 26 சதவீதம். இந்தியா இரண்டு மடங்கு வேகம் என்று தலைப்புப் போடத் தோன்றும். ஆனால் அது பள்ளத்திலிருந்து அளந்த உயரம். 2019-இலிருந்து அளந்தால் இந்தியா 18 சதவீதம், வியட்நாம் 31 சதவீதம். விழுந்த ஆண்டு ஒன்று நடுவில் வந்தால் அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தும் ஒரு கணக்குப் போட்டு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். அல்லது தொடக்கத்திலும் முடிவிலும் மும்மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாணயம்

இதில்தான் நம் ஊர்ப் பேச்சு அதிகம் தடம் புரள்கிறது என்பது என் எண்ணம். 2010-இல் ஒரு டாலர் சராசரியாக 46 ரூபாயை ஒட்டி இருந்தது. 2020-இல் 74 ரூபாய். இந்தியாவின் இறக்குமதியை ரூபாயில் மாற்றினால் 2010-இல் ஏறத்தாழ 16 லட்சம் கோடி, 2020-இல் 27.6 லட்சம் கோடி. ரூபாயில் 70 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி, டாலரில் 7 சதவீதம்! சரக்கு ஒன்றுதான், அளக்கும் கோல் சுருங்கிவிட்டது. ஒரு நாட்டை ரூபாயிலும் மற்றதை டாலரிலும் போட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. இரண்டையும் டாலரில் போடுங்கள். ஆனால் மார்த்தாண்டத்தில் கொட்டை வாங்குகிறவரின் கையிலிருந்து போகும் பணம் ரூபாய்தான். அவருடைய சுமையைப் பற்றி எழுதும்போது ரூபாய்க் கணக்கையும் தனியாகக் காட்டுவது நியாயம்.

ஏன் என்று கேட்கும் கட்டம்

எண் வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்தியாவின் இறக்குமதி இரண்டாவது பத்தாண்டில் ஏன் தேங்கியது? நம் இறக்குமதியில் பெரும்பாலான ஆண்டுகளில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை கச்சா எண்ணெயும் பெட்ரோலியப் பொருட்களும்தான். உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளும் பிரென்ட் கச்சா எண்ணெயின் சராசரி விலை 2000-இல் பீப்பாய்க்கு 28 டாலர் அளவில் இருந்தது. 2010-இல் 80-ஐத் தொட்டு, 2012-இல் 110-ஐத் தாண்டி, 2016-இல் 44-க்கு இறங்கியது. 2020-இல் 42 அளவு. முதல் பத்தாண்டின் பாய்ச்சலிலும் இரண்டாவதன் தேக்கத்திலும் இந்த விலைக்குப் பெரிய பங்கு உண்டு. லாரிகளும் கார்களும் குறைவாக ஓடியதால் வந்த தேக்கமில்லை இது. தங்கமும் நம் பட்டியலில் பெரிய இடம் பிடிக்கும், அதன் இறக்குமதித் தீர்வை 2013-இல் 10 சதவீதத்துக்கு உயர்த்தப்பட்டது.

வியட்நாம் வேறு வகை. 2007 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதை அடுத்து சாம்சங் போன்ற நிறுவனங்கள் அங்கே பெரிய ஆலைகளைத் திறந்தன. சிப், திரை, துணி எல்லாம் உள்ளே வந்து செல்போனாகவும் சட்டையாகவும் வெளியே போகின்றன. அங்கே இறக்குமதி கூடினால் பின்னாலேயே ஏற்றுமதியும் கூடுகிறது. ஆகவே இறக்குமதி வேகமாக வளர்ந்த நாடு தோற்றது என்றோ வென்றது என்றோ அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அட்டவணையில் பக்கத்திலேயே ஏற்றுமதி வளர்ச்சியையும் ஒரு நெடுவரிசையாகப் போட்டால்தான் படம் தெளியும்.

விலையையும் அளவையும் பிரிக்க, உலக வங்கி நிலையான விலையில், அதாவது விலை ஏற்ற இறக்கத்தை நீக்கி, கணக்கிட்ட இறக்குமதி வளர்ச்சியைத் தருகிறது. அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டின் அளவால் வகுத்துப் பார்ப்பதும் தேவை. 2020-இல் தலைக்கு இறக்குமதி இந்தியாவில் 270 டாலருக்குள், வியட்நாமில் 2,700 டாலரை ஒட்டி. பத்து மடங்கு! மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் வியட்நாமின் சரக்கு இறக்குமதி நான்கில் மூன்று பங்கு அளவு, இந்தியாவினுடையது ஏழில் ஒரு பங்கு அளவு. அதே நேரத்தில் 2000 முதல் 2020 வரை கூடுதலாக வந்த சரக்கின் மதிப்பைக் கழித்துப் பார்த்தால் இந்தியாவே அதிகம்: 32,150 கோடி டாலர், வியட்நாமுக்கு 24,740 கோடி.

வரைபடம் போடும்போது இரு நாடுகளின் அசல் எண்களைச் சாதாரண அளவில் வரைந்தால் சிறிய நாட்டின் கோடு அடியில் படுத்துக்கிடக்கும். குறியீட்டெண்ணை வரையுங்கள். அல்லது செங்குத்து அச்சை மடக்கை (லாக்) அளவுக்கு மாற்றுங்கள், எக்செல்லில் அச்சின் அமைப்புக்குள் அந்தத் தேர்வு இருக்கிறது. அப்போது கோட்டின் சரிவுதான் வளர்ச்சி வேகம்.

இனி நம் பொருட்கள்: முந்திரி, ரப்பர்

மொத்தக் கணக்கில் கை பழகியதும் ஒரே பொருளுக்கு வாருங்கள். உலகமெங்கும் சுங்கத்துறைகள் எச்.எஸ். என்ற குறியீட்டு முறையைப் பயன்படுத்துகின்றன, முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. ஓட்டோடு வரும் முந்திரிக்கொட்டை 080131. உடைத்த பருப்பு 080132. அண்டி ஆபீசுக்கு வருவது முதல் எண்ணில், அங்கிருந்து போவது இரண்டாவதில். இரண்டையும் கலந்துவிட்டால் கணக்கே கெட்டுவிடும்.

கொட்டைக்கு மதிப்பையும் டன்னையும் சேர்த்தே எடுங்கள். மதிப்பை டன்னால் வகுத்தால் ஒரு டன்னின் சராசரி விலை வரும். அது இங்கே சந்தையில் பேசப்படும் விலைக்குக் கொஞ்சமும் ஒத்துவராமல் இருந்தால் அலகில் எங்கோ பிழை. இதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

மாத வாரியாக ஒப்பிடுகிறவர்கள் பருவத்தை மறக்கக் கூடாது. ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவு உள்ள மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை ஆண்டின் முதல் பாதியில். தான்சானியாவில் ஆண்டின் கடைசி மாதங்களில். கப்பல் வந்து சேரும் நாட்கள் வேறு. ஆகவே ஜூன் மாதத்தைக் கடந்த ஆண்டு ஜூனோடுதான் ஒப்பிட வேண்டும், மே மாதத்தோடு அல்ல.

கொள்கை மாற்றங்களை வரைபடத்தில் செங்குத்துக் கோடாகக் குறியுங்கள். இந்தியா 2016 நிதிநிலை அறிக்கையில் ஓட்டோடு வரும் கொட்டைக்கு 5 சதவீத அடிப்படைத் தீர்வை போட்டது, 2018-இல் அதை 2.5 சதவீதமாகக் குறைத்தது. வியட்நாம் அதற்குள் கொட்டை உடைப்பதில் இயந்திரங்களுக்குப் பெருமளவு மாறியிருந்தது. இங்கே கையால் உடைத்துத் தோலுரிக்கும் பெண்களின் வேலைநாட்களைப் பற்றி எழுத நினைப்பவர்கள், கொட்டை இறக்குமதி டன் கணக்கில் எப்படி நகர்ந்தது என்பதை இந்தக் கோடுகளோடு சேர்த்துக் காட்டினால் அந்த மனுவுக்கு வலு கூடும்.

ஏற்றுமதி செய்த நாடு சொல்லும் எண்ணும் வாங்கிய நாடு சொல்லும் எண்ணும் பொருந்தாது. கப்பல் கூலி சேர்ந்தது, ஆண்டு மாறிப் பதிவானது, ஐவரி கோஸ்ட் கொட்டை எல்லை தாண்டிக் கானா வழியாகக் கிளம்புவது என்று காரணங்கள் பல. இறக்குமதியை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு நாடுகளுக்கும் வாங்கியவர் சொன்ன எண்ணையே எடுங்கள்.

ரப்பரில் இன்னும் நுணுக்கம் வேண்டும். இயற்கை ரப்பர் 4001. அதற்குள் 400110 என்பது பால், 400121 புகையூட்டிய ஷீட், 400122 தரம் குறிக்கப்பட்ட கட்டி ரப்பர். பாலில் தண்ணீரும் இருக்கிறது. வணிகத்தில் செல்லும் செறிவூட்டிய பாலில் உலர் ரப்பர் 60 சதவீதம்தான். டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் சதவீதம், பார்த்துப் பால் விற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் அதிகம் வாங்கும் நாட்டையும் கட்டி ரப்பர் அதிகம் வாங்கும் நாட்டையும் ஒப்பிடும் முன் பாலை உலர் எடைக்கு மாற்றிவிடுங்கள்.

ரப்பர் வேறு குறியீட்டிலும் உள்ளே வரும். ரசாயனம் கலந்த கூட்டு ரப்பர் 4005-இல் பதிவாகிறது. அதற்கு இந்தியாவில் தீர்வை குறைவாக இருந்தது. 2023 நிதிநிலை அறிக்கையில்தான் 10 சதவீதத்திலிருந்து, இயற்கை ரப்பருக்கு இருப்பதுபோல 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவாக உயர்த்தப்பட்டது. 4001-ஐ மட்டும் பார்த்து ‘இறக்குமதி கூடவில்லை’ என்று சொன்னால் 4005 வழியாக வந்ததைத் தவறவிட்டிருப்போம். சீனாவை ஒப்பீட்டில் சேர்ப்பவர்கள் 400280-ஐயும் பார்க்க வேண்டும். இயற்கை ரப்பரோடு சிறிது செயற்கை ரப்பர் கலந்த சரக்கை அந்த நாடு அந்த எண்ணின் கீழ் ஏராளமாக வாங்குகிறது.

இந்தக் குறியீடுகள் 2002, 2007, 2012, 2017, 2022 ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கின்றன. நீண்ட காலத் தொடர் எடுக்கும்போது ஓர் ஆண்டில் எண் திடீரென்று பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறினால் சந்தையைக் குறை சொல்லும் முன் குறியீடு பிரிந்ததா என்று பாருங்கள்.

முடிவை எழுதும் விதம்

கண்டுபிடித்ததை ஒரே வாக்கியத்தில், எல்லா நிபந்தனைகளோடும் எழுதிப் பழகுங்கள். ‘டாலர் மதிப்பில், சரக்குகள் மட்டும், 2010 முதல் 2019 வரை வியட்நாமின் இறக்குமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதமும் இந்தியாவினுடையது 3.7 சதவீதமும் வளர்ந்தன. 2000 முதல் 2010 வரை இந்தியாவே சற்று வேகம்’ என்று எழுதினால் படிப்பவர் தானே சரிபார்க்க முடியும். வாக்கியம் நீளமாக இருக்கிறதே என்று நிபந்தனைகளை வெட்டிவிட வேண்டாம்.

கோப்பின் முதல் வரியில் எந்தத் தளத்திலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் பதிவிறக்கியது என்று குறித்துவையுங்கள். கடைசி ஓரிரு ஆண்டுகளின் எண்கள் பின்னால் திருத்தப்படும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் எடுத்த எண் உங்களுடையதோடு பொருந்தாமல் போகும்போது, இரண்டு பேரும் முதலில் ஒப்பிட வேண்டியது அந்தத் தேதியைத்தான்.